வீவக வீட்டில் பேஸ் கிட்டார் பயிற்சி: கருவிகளை அமைத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் இருக்கும் எங்கள் நால்வறை வீட்டுக்கு நேர் கீழே ஒரு சீன மூதாட்டி இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிவாக்கில் வந்து கதவைத் தட்டினார். கோபம் எதுவும் இல்லை. தன் வீட்டுக்கு ஒரு நிமிடம் வந்து பார்க்கும்படி மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். போனேன். வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் தேநீர்க் கோப்பைகள். மேலே இருந்த என் மனைவியைக் கைப்பேசியில் அழைத்து, என் பேஸின் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிட்டாரின்) தடித்த கம்பியை ஒருமுறை மீட்டச் சொன்னேன். கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. பாட்டு என்று எதுவும் காதில் விழவில்லை. அதிர்வு மட்டும் தளத்தைத் தாண்டி இறங்கி வந்திருந்தது. ஆம்பின் (ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டியின்) வால்யூம் அப்போது மூன்றில்தான் இருந்தது.

அந்த ஆம்பைப் பிறகு விற்றுவிட்டேன். பேஸ் வாசிப்பதை விடவில்லை. சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் நிறையப் பழகினேன். அடுக்குமாடி வீட்டில் பேஸ் பழக எதை வாங்க வேண்டும், எந்த வரிசையில் வாங்க வேண்டும், எப்படி இணைக்க வேண்டும் என்று இந்த ஆண்டுகளில் கற்றதை இங்கே எழுதுகிறேன். என் கணக்கில் இரண்டு சோதனைகள் உண்டு. கம்பியின் ஒலி உங்கள் காதுக்கு முழுதாக வர வேண்டும், காங்கிரீட்டைத் தொடவே கூடாது. அடுத்தது, நாற்காலியில் உட்கார்ந்த ஒரு நிமிடத்துக்குள் முதல் ஸ்வரம் ஒலித்துவிட வேண்டும். இந்த இரண்டிலும் தேறாத கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வீட்டுப் பயிற்சிக்கு உதவாது.

பேஸ் ஒலி ஏன் சுவரைத் தாண்டுகிறது

இதைப் புரிந்துகொண்டால் பல நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிச்சம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான்கு கம்பி பேஸில் தடித்த இ கம்பியைத் திறந்து மீட்டினால் வரும் அதிர்வெண் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் எட்டு மீட்டருக்கும் மேல் நீளம், உங்கள் படுக்கையறையைவிடப் பெரியது. இணையத்தில் வாங்கிச் சுவரில் ஒட்டும் ஐந்து சென்டிமீட்டர் பஞ்சுத் தகடு அந்த அலையை எதுவும் செய்யாது. அது பேச்சொலியின் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். பேஸுக்காக அதை வாங்காதீர்கள்.

சுவரும் தளமும் உயர்ந்த ஒலியை நன்றாகத் தடுக்கும், தாழ்ந்த ஒலியை விட்டுவிடும். அதிர்வெண் பாதியாகக் குறையும்போதெல்லாம் சுவர் தடுக்கும் அளவும் ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பேச்சு புரியாமல் ‘தும் தும்’ மட்டும் கேட்பது இதனால்தான். ஆம்பைத் தரையில் வைத்தால் அதன் பெட்டி நேரடியாகத் தரை ஓடுகளை அசைக்கிறது. அந்த அசைவு காங்கிரீட் வழியே ஓடுவதற்குக் காற்றே தேவையில்லை.

இன்னொரு காரணம் நம் காதிலேயே இருக்கிறது. மெல்லிய ஒலியளவில் மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஸ்வரங்கள் சரியாகக் கேட்பதில்லை. ஃபிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் இதை அளந்து வெளியிட்டார்கள். எனவே ஆம்பைச் சன்னமாக வைத்து வாசித்தால் ஒலி மெலிந்துபோனதுபோல் தோன்றும். கை தானாக வால்யூமைத் திருகும். நமக்கு நிறைவாகக் கேட்கத் தொடங்கும் அளவுக்கு வரும்போது கீழ்வீட்டு அலமாரி ஆடத் தொடங்கியிருக்கும்.

அறையின் அளவும் ஏமாற்றும். மூன்று மீட்டர் நீள அறையில் 57 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தேங்கிப் பெருகும். ஏ கம்பியின் திறந்த ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ், அடுத்த ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) 58. அந்த இரண்டு ஸ்வரங்கள் மட்டும் முழங்கும், மற்றவை அடங்கிக் கேட்கும். தன் விரல் அழுத்தம்தான் சீராக இல்லை என்று பழகுகிறவர் நினைத்துக்கொள்வார். எனக்கும் அப்படித்தான் ஓர் ஆண்டு போயிற்று. ஹெட்ஃபோனில் வாசித்த அன்றுதான் தவறு அறையினுடையது என்று தெரிந்தது.

படி 1: எந்த நேரத்தில் வாசிப்பீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் இதை யோசியுங்கள். வீவக குடியிருப்புகளில் இரவு 10:30 முதல் காலை 7 மணி வரை சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கழகம் நெடுங்காலமாக அறிவுறுத்தி வந்திருக்கிறது. அக்கம்பக்கத்துச் சத்தம் குறித்து ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு 2022இல் இதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் நேரம் கிடைக்கிறது. அப்படியானால் உங்களுக்கு ஹெட்ஃபோன்தான். பகலில் மட்டும் வாசிக்கும் மாணவராக இருந்தால் சிறிய ஆம்ப் பற்றி யோசிக்கலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டிலுள்ள பதுங்கறையை (அவசரகாலத்தில் தஞ்சம் புகுவதற்கான அறையை) பயிற்சி அறையாக்கலாமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கனத்த சுவர், இரும்புக் கதவு, பார்த்தால் ஒலிப்பதிவுக் கூடம்போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே காற்றோட்டம் குறைவு, புழுக்கம் அதிகம். அரை மணி நேரம் உட்கார முடியாது, மரக் கருவிக்கும் நல்லதல்ல. அந்தக் கனத்த சுவரும் மற்றத் தளங்களோடு ஒட்டியே நிற்கிறது, அதிர்வு அதன் வழியாகவும் போகும்.

படி 2: முதல் காசு ஹெட்ஃபோனுக்கு

பெரும்பாலானோர் ஆம்ப், பெடல் (ஒலியை மாற்றித் தரும் சிறு பெட்டி) எல்லாம் வாங்கிவிட்டு, கைப்பேசியோடு வந்த காதுக்குமிழைச் சொருகுகிறார்கள். வரிசை தலைகீழ். உங்கள் காதில் கடைசியாக ஒலிப்பது எதுவோ அதற்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும்.

காதை முழுதாக மூடும், பின்பக்கம் அடைத்த ஹெட்ஃபோனாக இருக்கட்டும். பின்பக்கம் திறந்த வகையில் தாழ்ந்த ஒலி பெரும்பாலும் மெலிந்து கேட்கும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் காதில் விழும். கம்பி இணைப்பு கட்டாயம். ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கும் சோனி எம்டிஆர்-7506, ஆடியோ டெக்னிக்கா எம்40எக்ஸ், பேயர்டைனமிக் டிடி 770 புரோ ஆகிய மூன்றும் பேஸுக்கு நன்றாக ஒத்துவரும். என்னிடம் இருப்பது டிடி 770. வெல்வெட் மெத்தை இருப்பதால் நம் ஊர்ப் புழுக்கத்தில் காது வியர்ப்பது குறைவு.

டிடி 770 வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையாக வருகிறது. பேட்டரியில் ஓடும் சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப்பால் 250 ஓம் வகையைப் போதிய சத்தத்தில் இயக்க முடியாது. 32 அல்லது 80 போதும். மற்ற எந்த ஹெட்ஃபோனுக்கும் இதே கணக்குதான்.

புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வழக்கமான புளூடூத்தில் ஒலி காதுக்கு வர 150 முதல் 200 மில்லி வினாடி பிடிக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டின் கால் பங்கே 125 மில்லி வினாடிதான். நீங்கள் மீட்டியது அதற்கும் பிறகு கேட்டால் கை எங்கே தாளத்தில் நிற்கும்? பேஸ்காரரின் முதல் வேலை தாளத்தைப் பிடித்து நிறுத்துவது. அதைக் கெடுக்கும் கருவியில் பழகக் கூடாது. கம்பியே வேண்டாம் என்றால், பாஸ் நிறுவனத்தின் வாசா ஏர் பேஸ்போல இசைக்கருவிக்கென்றே தனி வயர்லெஸ் தொழில்நுட்பத்தோடு வருபவை இருக்கின்றன. அவற்றில் இந்தத் தாமதம் தெரியாது, விலைதான் கூடுதல்.

படி 3: பேஸுக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவே என்ன

பேஸைக் கணினியின் மைக் துளையில் நேரடியாகச் சொருகிப் பார்த்திருப்பீர்கள். ஒலி சத்தில்லாமல் வரும். பேஸின் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) தரும் மின்சமிக்ஞை மிக மெல்லியது. அதை வாங்கிக்கொள்ளும் துளை சுமார் 10 லட்சம் ஓம் மின்மறுப்பு கொண்டதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயர்ந்த ஒலிகள் செத்துவிடும். எனவே நடுவே ஒரு கருவி வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன.

மலிவானது, சொருகியதும் வாசிக்கக்கூடிய ஹெட்ஃபோன் ஆம்ப். வோக்ஸ் ஆம்ப்ளக் பேஸ் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும், நேராகப் பேஸின் துளையிலேயே சொருகிவிடலாம். தாளக்கட்டுகள் உள்ளேயே இருக்கின்றன, கைப்பேசிப் பாட்டைச் சேர்க்க ஒரு துளையும் உண்டு. பாஸ் கத்தானா கோ அதைவிட விலை கூடியது. ஆனால் மின்னூட்டம் செய்துகொள்ளலாம், பேஸுக்கென்று தனி ஆம்ப் ஒலிகள் இருக்கின்றன, கணினியோடு இணைத்துப் பதிவும் செய்யலாம். அதில் கைப்பேசியிலிருந்து புளூடூத்தில் பாட்டு அனுப்பலாம். முன்னால் புளூடூத் வேண்டாம் என்றேனே என்று கேட்பீர்கள். பாட்டு ஆம்புக்குள் தாமதமாக வந்து சேர்ந்தால் பாதகமில்லை, அங்கே வந்த பிறகு உங்கள் பேஸும் பாட்டும் ஒரே கம்பியில் ஒன்றாகத்தான் காதுக்கு வருகின்றன. காதுக்கு வரும் கடைசித் துண்டு கம்பியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, மல்டி எஃபெக்ட்ஸ் பெடல். ஜூம் பி1 ஃபோர் போன்ற ஒன்றில் சுருதி பார்க்கும் டியூனர், தாளக்கட்டு, வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்பர், ஹெட்ஃபோன் துளை எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிவிடும். என் தேர்வைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுதான். மேசையில் ஒரே இடத்தில் இருக்கும், பாட்டுக் கச்சேரிக்கும் எடுத்துப்போகலாம். லூப்பர் ஒன்று போதும் ஒரு மாதப் பயிற்சிக்கு: நான்கு தாளச் சுற்றுக்கு ஒரு நடையை வாசித்துப் பதிந்து, அதன் மேல் இன்னொரு நடை வாசித்துப் பார்த்தால் தாளம் எங்கே ஓடுகிறது, எங்கே இழுக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, ஆடியோ இன்டர்ஃபேஸும் (கருவியின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் பெட்டி) கணினியும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, 2ஐ2 போன்றவை ஏறக்குறைய 200 முதல் 300 வெள்ளிக்குள் வரும். ஒலித் தரத்தில் மூன்றிலும் இதுவே மேல். மேக், ஐபேட், ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்குக் கராஜ்பேண்ட் இலவசம், பேஸ் ஆம்ப் ஒலிகள் அதிலேயே இருக்கின்றன. விண்டோஸில் ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். பாடல் எழுதவோ பதிவு செய்யவோ எண்ணம் இருந்தால் இந்த வழி. வெறும் பயிற்சிக்கென்றால், கணினியைத் திறந்து, மென்பொருள் ஏறி, ஏதோ ஒரு அப்டேட் கேட்டு, அதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். நான் சொன்ன ஒரு நிமிடச் சோதனையில் இது தோற்கிறது. நான் பதிவுக்கு இன்டர்ஃபேஸும் அன்றாடப் பயிற்சிக்குப் பெடலும் வைத்திருக்கிறேன்.

படி 4: இணைத்து ஒலியளவை நிறுத்துவது

முதல் நாள் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. எல்லா வால்யூமையும் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹெட்ஃபோனைக் காதில் மாட்டாமல் கழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.
2. பேஸிலிருந்து கருவிக்குக் கேபிள். மூன்று மீட்டர் போதும், அதைவிட நீளமானது தரையில் சுருண்டு காலில் மாட்டும்.
3. ஹெட்ஃபோனைச் சொருகுங்கள். பெரிய துளைக்கு மாற்றுச் சொருகி தேவைப்பட்டால் ஸ்டீரியோ வகையை வாங்குங்கள். ஒரு காதில் மட்டும் ஒலி வந்தால் பெரும்பாலும் மோனோ சொருகிதான் காரணம், ஹெட்ஃபோன் பழுதில்லை.
4. பேஸின் வால்யூம், டோன் திருகிகளை முழுதாகத் திறந்துவிடுங்கள்.
5. இன்டர்ஃபேஸ் என்றால் இசைக்கருவிக்கான ‘இன்ஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். பிறகு இ கம்பியை உங்களால் முடிந்த அளவு ஓங்கி அடித்தபடி கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவை) கூட்டுங்கள். சிவப்பு விளக்கு எரிந்த இடத்திலிருந்து சற்றுப் பின்னால் வந்து நிறுத்துங்கள்.
6. இப்போது ஹெட்ஃபோனை மாட்டி, அதன் வால்யூமைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள்.
7. ஈக்யூ (தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளுக்கான திருகிகள்) எல்லாம் நடுவிலேயே இருக்கட்டும். ஒரு வாரம் எதையும் தொடாதீர்கள்.

கடைசி வரியை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஹெட்ஃபோனில் தாழ்ந்த ஒலியைக் கூட்டி வைத்தால் எல்லாமே அழகாகக் கேட்கும். கம்பியின் இரைச்சல், விட்டுவிட்ட ஸ்வரம், இடக்கை விரல் பாதி அழுத்தியது எல்லாம் அந்த அழகுக்குள் ஒளிந்துகொள்ளும். பயிற்சிக்குக் கம்ப்ரெசரும் வேண்டாம். அது அழுத்தமான அடியையும் மெல்லிய அடியையும் ஒன்றாக்கிவிடும், உங்கள் விரல் அந்தச் சீர்மையைக் கற்காமலே போய்விடும்.

கணினியில் வாசிக்கும்போது தாமதம் தெரிந்தால் பஃபர் அளவை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலித் துண்டின் அளவை) குறையுங்கள். 48 கிலோ ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் ஒரு பஃபருக்கு 2.7 மில்லி வினாடி. உள்ளே போய் வெளியே வர எல்லாம் சேர்த்து 10 மில்லி வினாடிக்குள் வந்தால் நல்லது. மேடையில் ஆம்புக்கு மூன்று மீட்டர் தள்ளி நிற்பதும் கிட்டத்தட்ட அதே தாமதம்தான், கை பழகிக்கொள்ளும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏசியோ டிரைவர் என்ற இணைப்பு மென்பொருளைப் போடாமல் இந்த எண்ணைத் தொடுவது கடினம். ஹெட்ஃபோனில் ‘ங்ங்’ என்று இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அடங்கிவிட்டால் குற்றவாளி அதுதான்.

படி 5: பாட்டோடு சேர்ந்து வாசிப்பது

தமிழ்ப் பிள்ளைகள் பேஸ் கையில் எடுத்தால் போய் நிற்கும் இடம் இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்கள். அதில் தவறே இல்லை. பாடும் குரலுக்குக் கீழே தனியாக ஒரு மெட்டு நடந்துகொண்டிருக்கும் பாடல்கள் அவை. ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸைக் காதால் பிரித்து எடுப்பதும் நல்ல பாடம். ஆனால் கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் இவற்றைக் கேட்டால் பேஸின் அடிப்படை அதிர்வெண் வரவே வராது. நாம் வாங்கிய ஹெட்ஃபோன் இங்கேதான் இரட்டிப்பாகப் பயன்படுகிறது.

கைப்பேசியிலிருந்து ஆம்ப்பின் பாட்டுத் துளைக்கு 3.5 மில்லிமீட்டர் கேபிள் ஒன்று வேண்டும். துளையில்லாத கைப்பேசி என்றால் சிறிய யூஎஸ்பி-சி மாற்றுக் கம்பி சேர்த்து வாங்குங்கள். பாட்டின் வேகத்தைச் சுருதி மாறாமல் குறைக்கும் செயலிகள், பாட்டிலிருந்து பேஸை மட்டும் நீக்கித் தரும் மோய்செஸ் போன்ற செயலிகள் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேஸை மட்டும் கேட்டுக் கற்றுக்கொண்டு, பிறகு அதை நீக்கிவிட்டு நீங்கள் நிரப்புங்கள். பழைய பதிவுகளில் சுருதி சற்று மேலோ கீழோ இருக்கும். அதற்காகப் பேஸின் கம்பியை மாற்றிச் சுருதி கூட்டாமல், செயலியில் பாட்டின் சுருதியை நகர்த்துங்கள்.

படி 6: மின்சாரம்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிவிடாதீர்கள். சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தோக்கியோவின் ஒச்சனோமிசு கிட்டார் கடைத்தெருவுக்குப் போய்வருகிற நண்பர்கள் அங்கிருந்து பெடலும் ஆம்பும் வாங்கி வருவார்கள். ஜப்பானில் 100 வோல்ட். பயணச் சொருகி முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. அப்படி வாங்கி வந்த ஒரு பெடலின் அடாப்டரை வீட்டில் சொருகி, புகை வாசனை வந்த அன்று நான் இதைக் கற்றேன். அடாப்டரின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. இல்லாவிட்டால் இங்கே பாதுகாப்பு முத்திரை கொண்ட 9 வோல்ட் அடாப்டராக வாங்குங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை எதிர்மின்னாக இருக்க வேண்டும், பெடலின் மேல் உள்ள சின்னப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் மின்சுற்று கொண்ட பேஸ்) வைத்திருப்பவர்கள் வாசித்து முடித்ததும் கேபிளைப் பேஸிலிருந்து கழற்றுங்கள். கேபிள் சொருகியிருக்கும் வரை உள்ளே உள்ள 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

படி 7: உட்காரும் இடம்

கைப்பிடி இல்லாத நாற்காலி. தொடை தரைக்கு இணையாக இருக்கும் உயரம். உட்கார்ந்து வாசித்தாலும் வாரை மாட்டிக்கொள்ளுங்கள், நின்றாலும் உட்கார்ந்தாலும் பேஸ் ஒரே உயரத்தில் இருக்கும்படி வாரின் நீளத்தை வையுங்கள். இல்லாவிட்டால் மேடையில் நிற்கும்போது இடக்கை மணிக்கட்டு வேறு கோணத்தில் மடங்கும், வீட்டில் பழகியது அங்கே வராது.

காலுக்குக் கீழே கனமான ரப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள். ஹெட்ஃபோனில் வாசிக்கும்போது நமக்கே தெரியாமல் குதிகாலால் தாளம் போடுவோம். ஓட்டுத்தரையில் அது கீழ்வீட்டுக்குச் சுத்தியல் அடிபோலக் கேட்கும். பாட்டி இரண்டாவது முறை வந்தது அதற்காகத்தான். குழந்தைகள் விளையாடும் ஈவா பஞ்சு விரிப்பை இரண்டடுக்காகப் போட்ட பிறகு வரவில்லை.

பேஸைப் பைக்குள் பூட்டி அலமாரிக்கு மேல் வைத்தால் வாரத்துக்கு ஒருமுறைதான் கீழே இறங்கும். கைக்கு எட்டும் தூரத்தில் ஸ்டாண்டில் நிற்கட்டும். பெடல், கேபிள், ஹெட்ஃபோன் எல்லாம் பக்கத்து மேசையில் இணைத்தபடியே. சமையல் முடிந்து சோறு ஆறும் பத்து நிமிடத்திலும் எடுத்து வாசிக்கலாம். என் பயிற்சி நேரத்தை மிகவும் கூட்டியது எந்த விலையுயர்ந்த கருவியும் இல்லை, இந்த ஸ்டாண்ட்தான்.

படி 8: ஈரப்பதம்

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். கிட்டார் செய்பவர்கள் மரத்துக்குப் பொதுவாகச் சொல்வது 45 முதல் 55 சதவீதம். பேஸின் கழுத்து நீளமானது. வழக்கமான கம்பி நீளமே 34 அங்குலம். அதனால் ஈரத்தில் அதன் வளைவு மாறுவது சீக்கிரம் தெரியும். பகலில் ஜன்னல் திறந்த அறை, இரவில் குளிர்சாதனம் என்று நாள்தோறும் மாறி மாறி வருவது அதற்கு இன்னும் சிரமம். குளிர்காற்று நேராக விழும் இடத்திலும், மழைச்சாரல் வரும் ஜன்னலோரத்திலும், குளியலறைச் சுவரை ஒட்டியும் ஸ்டாண்டை வைக்காதீர்கள். மலிவான ஈரமானி ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். வெளியூர் போகும்போது மட்டும் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைத்தால் போதும்.

கழுத்தின் வளைவைச் சோதிப்பது எளிது. இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு பெயரட்டை (விசிட்டிங் கார்டு) நுழையும் அளவு இருந்தால் சரி. கூடினாலோ ஒட்டிக்கொண்டாலோ கழுத்துக்குள் உள்ள ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமல், பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். முதல் முறை கைதேர்ந்த கடைக்காரரிடம் கொடுத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கம்பிகள் வியர்வையிலும் ஈரத்திலும் துருப்பிடிக்கும். வாசிக்கும் முன் கையைக் கழுவுங்கள், பிறகு கம்பியின் அடிப்பக்கமும் சேரப் பருத்தித் துணியால் துடையுங்கள். அடிக்கடி மாற்ற முடியாதவர்களுக்குப் பூச்சுப் பூசிய கம்பிகள் அல்லது மேற்பரப்பு வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகள் நீண்ட நாள் உழைக்கும். ஃபிளாட்வவுண்டில் விரல் சறுக்கும் கீச்சொலியும் இல்லை. அறுபதுகளில் அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இவ்வகைக் கம்பிகளை அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பது பேஸ்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை.

படி 9: ஆம்ப் கட்டாயம் வேண்டும் என்றால்

பகலில், மகனோ மகளோ பாட, கூட வாசிக்க ஆசையாக இருக்கும். புரிகிறது. எட்டு அங்குல ஒலிபெருக்கி கொண்ட 15 முதல் 25 வாட் ஆம்ப் போதும். ஃபெண்டர் ரம்பிள் 25 அந்த அளவில் நல்ல எடுத்துக்காட்டு. ஹெட்ஃபோன் துளையும் பாட்டுத் துளையும் இருப்பதால் இரவிலும் பயன்படும். தரையில் வைக்காதீர்கள். கெட்டியான பஞ்சுப் பலகையின் மேல், காதை நோக்கிச் சாய்த்து, ஒரு முக்காலியில் வையுங்கள். காதுக்கு அருகில் இருந்தால் குறைந்த வால்யூமே நிறைவாகக் கேட்கும். தாழ்ந்த ஒலித் திருகியைக் குறைத்து நடு ஒலியைச் சற்றுக் கூட்டுங்கள். ஸ்வரம் தெளிவாகத் தெரியும், தளம் அதிராது. சுவர் மூலையை விட்டுத் தள்ளி வையுங்கள், மூலை தாழ்ந்த ஒலியைப் பெருக்கும். பிறகு ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கீழ்வீட்டுக்குப் போய், அனுமதி கேட்டு, உள்ளே நின்று கேளுங்கள். மின்தூக்கியில் பார்க்கும்போது சிரிக்கும் அண்டைவீட்டாராக இருந்தால் மறுக்க மாட்டார்கள்.

ஹெட்ஃபோனிலும் அளவு உண்டு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களில் காதுக்கு வைத்திருக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். தாழ்ந்த ஒலி காதில் உறைக்காது என்பதால் நாம் அறியாமலே கூட்டிவிடுவோம். பக்கத்தில் ஒருவர் இயல்பாகப் பேசுவது கொஞ்சமும் காதில் விழாவிட்டால் குறையுங்கள், மணிக்கு ஒருமுறை ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள்.

எங்கே வாங்குவது

பேஸையும் ஹெட்ஃபோனையும் நேரில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்தில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன, பிராஸ் பசா காம்ப்ளெக்ஸிலும் இசைக் கருவிகள் கிடைக்கும். கேபிள் முனை, சொருகி, பற்றவைக்கும் ஈயம் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு சிம் லிம் டவர். லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போகிற நாளில் அப்படியே நடந்து போய்வந்துவிடலாம். பெடலையும் ஹெட்ஃபோன் ஆம்பையும் கரோசல் என்ற இணையச் சந்தையில் பழையதாக வாங்கலாம், பலர் ஆசையில் வாங்கி மூன்றே மாதத்தில் விற்கிறார்கள். எம்ஆர்டி நிலையத்தில் சந்திக்கும்போது கையில் ஹெட்ஃபோனும் பேட்டரியும் கொண்டுபோய், எல்லாத் துளைகளையும் திருகிகளையும் அங்கேயே சோதியுங்கள். திருகும்போது கரகரத்தால் தூசி, விலை குறைத்துக் கேட்கலாம். துளை ஆடினால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் விலை ஒப்பிடும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மாதம் ஓரிரு முறை, நண்பர்களோடு பணம் பகிர்ந்து, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டுடியோவுக்குப் போங்கள். சமூக மன்றத் தீபாவளி நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது: ஹெட்ஃபோனிலேயே பழகிய கை கம்பியை மிக மென்மையாகத் தொடுகிறது, டிரம்ஸுக்குப் பக்கத்தில் அது காணாமல் போய்விடுகிறது. ஸ்டுடியோவில் முதல் பத்து நிமிடம் ஈக்யூவை நடுவில் வைத்து, வலக்கை அழுத்தத்தை மட்டும் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். அங்கே எந்த அழுத்தம் சரியாக வந்ததோ, வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோன் வால்யூமை அதற்கு ஏற்பக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.